புளிய மரம்: அவரைக் குடும்பத்து வைர மரம்

"அவரைக் குடும்பத் தாவரம் ஒன்றுக்கு உதாரணம் தருக" என்று கேட்டால் மாணவர்கள் பயற்றை, அவரை, நிலக்கடலை என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். எழுதியது சரிதான். ஆனால் அதே குடும்பத்தில் 20 மீற்றருக்கு மேல் உயரும் பெருமரங்களும் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். உப்புவெளியிலும் மூதூரிலும் வளவுகளுக்குள் நிற்கும் புளிய மரம் அவற்றில் ஒன்று. காயைப் பாருங்கள். பயற்றங்காயைப் போல அதுவும் ஓர் அவரையம்தான். சமையலறையில் பழப்புளி என்று கரைக்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

இதன் தாவரவியற் பெயர் தமரிண்டஸ் இண்டிக்கா. 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து முதற்பகுதி வந்தது. இரண்டாவது பகுதியும் இந்தியாவையே சுட்டுகிறது. ஆனால் மரத்தின் தாயகம் வெப்பமண்டல ஆபிரிக்கா. பெயரைப் பார்த்துத் தாயகத்தை எழுதாதீர்கள்.

இலை, பூ, காய்

இலை ஒரு கூட்டிலை. நடுக்காம்பின் இருபுறமும் பத்து முதல் இருபது சோடி வரை சிற்றிலைகள் இருக்கும். நுனியில் தனிச் சிற்றிலை இராது. மாலையானதும் இவை சோடி சோடியாக மடிந்துவிடும். சிற்றிலையின் அடியிலுள்ள புடைப்புக் கலங்களில் நீர் கூடிக் குறைவதால் நிகழும் உறக்க அசைவு இது. வளர்ச்சியினால் ஏற்படும் திருப்ப அசைவுடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பூ வெளிர் மஞ்சள் நிறம், சிவப்புக் கோடுகள் ஓடும். புல்லி நான்கு. அல்லி ஐந்து என்றாலும் மூன்றுதான் தெளிவாகத் தெரியும். மற்ற இரண்டும் மயிர்போலச் சிறுத்திருக்கும். வளமான கேசரங்களும் மூன்றே. அவரைப் பூவில் கேசரம் பத்து என்று படித்தவர்கள் இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய குறிப்புகளில் புளி சீசல்பினியோயிடே என்ற உபகுடும்பத்தில் இருக்கும். 2017 இல் தாவரவியலாளர் இக்குடும்பத்தை ஆறு உபகுடும்பங்களாகத் திருத்தியபோது அது தெட்டாரியோயிடே என்பதற்கு மாறியது. சாதாரண தரத்துக்கு அவரைக் குடும்பம் என்று அறிந்தாற் போதும்.

அவரைக் குடும்பத்துக் காய்கள் பல முற்றியதும் வெடித்து வித்துகளைச் சிதறும். புளி வெடியாது. ஓடு நொறுங்கக்கூடியது, உள்ளே சதை. குரங்கு சதையைத் தின்று கொட்டையை வேறிடத்தில் விடுகிறது. ஆகவே வித்துப் பரம்பல் விலங்குகளால்.

பழம் பழுத்தால் புளிப்புக் குறையவேண்டும் அல்லவா? மாம்பழத்தில் அப்படித்தான். புளியில் சீனி கூடும். ஆனால் தாத்தாரிக்கமிலம் அதிகம் குறைவதில்லை. இனிப்பும் புளிப்பும் ஒன்றாக இருப்பதன் காரணம் இதுதான். பித்தளைக் குடத்தைப் புளியால் தேய்த்தால் பளபளப்பதும் இந்த அமிலத்தினால்தான்: மேலே படிந்த ஒட்சைட்டு அமிலத்தில் கரைந்து போகிறது.

வேரில் ஒரு பொறி

அவரைக் குடும்பம் என்றவுடன் வேர்ச் சிறுகணு, இறைசோபியம், நைதரசன் பதித்தல் என்று கை தானாக எழுதும். பயற்றைக்கும் அகத்திக்கும் கிளிரிசிடியாவுக்கும் அது பொருந்தும். புளியின் வேரில் சிறுகணுக்கள் காணப்படுவதில்லை. கொன்றையிலும் அப்படியே. "அவரைக் குடும்பத் தாவரங்கள் எல்லாம்" என்று தொடங்கும் கூற்றைக் கண்டால் ஒருமுறை நின்று யோசியுங்கள். புளியின் ஆணிவேரோ ஆழமாக இறங்குவது; அதனால் நமது நீண்ட வறட்சிக் காலத்தையும் கடற்காற்றையும் தாங்கி நிற்கிறது.

இரவில் புளியின் கீழ்ப் படுத்தால் பேய் பிடிக்கும் என்பார்கள். அதற்கு அறிவியல் விளக்கம் தருவதாக, மரம் வெளிவிடும் காபனீரொட்சைட்டினால் மூச்சு முட்டும் என்று சில புத்தகங்கள் எழுதுகின்றன. இந்த விளக்கமும் பேயைவிடப் பெரிதாக உயர்ந்ததல்ல. இரவில் எல்லா மரங்களும் சுவாசிக்கின்றன. திறந்த வெளியில் அந்தச் சிறிதளவு வாயு காற்றோடு கலந்துவிடும்.

மரமும் வைரமும்

புளியின் தண்டை வெட்டினால் வெளிப்புறம் வெளிர் மஞ்சள் நிறமாக இருக்கும். இப்பகுதியைப் பூச்சி துளைக்கும். முதிர்ந்த மரத்தின் நடுவில்தான் கருஞ்சிவப்புக் கலந்த கபில நிற வைரம் உண்டு. இது செயற்பாடற்ற பழைய காழ். நீரைக் கடத்தாது, தாங்கும் வேலை மட்டுமே. மிகக் கடினமாதலால் வாளின் பல் மழுங்கும். பலகை அறுக்கத் தச்சர் விரும்பாவிட்டாலும் அடிபடும் பொருள்களுக்கு இது நல்ல மரம். உரல், உலக்கை, எண்ணெய்ச் செக்கு, வண்டிச் சில்லின் குடம், ஆயுதப் பிடி, இறைச்சி வெட்டும் கட்டை ஆகியவற்றைச் செய்தார்கள். விறகும் கரியும் நல்ல சூடு தரும். கொட்டையின் மாவு நெசவு நூலுக்குப் பசையாகிறது.

'திருகோணமலை மரம்' என்று வெளிநாடுகளில் பெயர்பெற்றது புளியல்ல, சவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல. மதராசின் மசூலாப் படகுகளுக்குக்கூட இம்மரம் பயன்பட்டது. இது அவரைக் குடும்பமும் அல்ல. பருத்தி, செவ்வரத்தை, பூவரசு ஆகியவற்றின் உறவு.

ஆனால் நமது துறைமுகக் கரையின் வரலாற்றில் இடம்பெற்றது ஒரு புளியே. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புதுப் பாய்மரம் பொருத்தக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 இல் அதன் கப்டன் றொபேட் நொக்ஸ் மூதூர்ப் பக்கத்தில் புளிய மர நிழலில் அமர்ந்திருந்தபோது இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் சிக்கினார். அதே பெயருடைய மகனும் பிடிபட்டார். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 19 ஆண்டுகளின் பின் 1679 இல் தப்பி, 1681 இல் இலங்கை பற்றிய நூலை இலண்டனில் வெளியிட்டார். வரலாறு பாடத்தில் வரும் நொக்ஸ் இவரே.

பயிற்சி வினாக்கள்

1. புளி, கொன்றை, சவண்டலை, வாகை: இவற்றுள் அவரைக் குடும்பத்தைச் சேராதது எது?
2. புளியின் காய் வெடியாதது அதன் வித்துப் பரம்பலுக்கு எவ்வாறு உதவுகிறது?
3. செக்குக்கு இளம் புளிய மரத்தைவிட முதிர்ந்த மரம் ஏற்றது. காரணம் தருக.