செயற்கைக் கண் பொருத்திய பிறகு

செயற்கைக் கண்ணை முழு உருண்டை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது, முன்புறம் குவிந்தும் பின்புறம் குழிந்தும், இமைகளுக்குள் செருகிக்கொள்ளும் வகையில் அமைந்த ஓடு. விபத்தில் சிதைந்த விழியையோ, சிறு குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்று முற்றிய விழியையோ அகற்றும் மருத்துவர், பெரும்பாலும் அந்த வெற்றிடத்தில் 20 மில்லிமீட்டர் அளவிலான உருண்டை ஒன்றைப் பதித்து, விழியை இயக்கிவந்த தசைகளை அதனோடு இணைத்து, மேலே திசுவை மூடித் தைத்துவிடுகிறார். ஆறு முதல் எட்டு வாரங்களில் வீக்கம் வடிந்தபின் அதன்மேல் பொருத்தப்படும் ஓடு, உருண்டை அசையும்போது தானும் ஓரளவு அசைகிறது.

ஜெர்மனியின் லௌஷா நகரக் கண்ணாடிக் கண்கள் 19ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்றிருந்தன. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய வரத்து நின்றுபோனதால், அமெரிக்க ராணுவத்தின் பல் மருத்துவப் பிரிவினர், பல்செட்டுக்குப் பயன்பட்ட அக்ரிலிக்கிலேயே கண் செய்யும் முறையை வகுத்தனர். இன்றும் அளவெடுத்துச் செய்யும் கண்ணுக்குப் பல் மருத்துவர்களின் அச்சுப் பசையே உதவுகிறது: கண்குழியில் அச்செடுத்து, மெழுகில் மாதிரி வடித்து, நோயாளியை எதிரே அமர்த்தி மற்றக் கண்ணின் நிறக் கீற்றுகளை ஒவ்வொன்றாகத் தூரிகையால் தீட்டி, வெண்பகுதியில் சிவப்பு நூலிழைகளை ரத்த நாளங்களாகப் பதிக்கிறார் வல்லுநர். வெளிச்சத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் கண்மணியை மட்டும் நடுத்தர அளவில் நிலையாகத்தான் தீட்ட முடியும்.

இந்த அரிய கைத்திறன் மீட்டுத்தருவது முகத்தை மட்டுமே. இரு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறத்தாழ 180 பாகை காண, ஒரு கண் 150 பாகையளவே காண்கிறது. இரு கண் காட்சிகளின் நுண்ணிய வேறுபாட்டிலிருந்து மூளை தூரத்தைக் கணிக்கும் திறனும் மறைந்துவிடுவதால், தம்ளரில் ஊற்றும் தண்ணீர் வெளியே சிந்துகிறது, கடைசிப் படி தடுமாற வைக்கிறது. செம்பின் விளிம்பைத் தம்ளர் விளிம்பில் தொடவைத்து ஊற்றுவதும், தலையைச் சற்றே அசைத்து அருகிலுள்ள பொருள் தொலைவிலுள்ளதைவிட மிகுதியாக நகர்வதைக் கவனிப்பதும் கைவந்தபின், சில மாதங்களில் மூளை பழகிக்கொள்கிறது. 1961 ஜூலையில் கார் விபத்தில் வலக்கண் பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்த கிரிக்கெட் வீரர் மன்சூர் அலி கான் பட்டோடி, 1962 ஜனவரியில் சென்னை டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராகச் சதம் அடித்தார். எல்லாரிடமும் அந்த ஆற்றலை எதிர்பார்ப்பது தவறு. ஆனால் பயிற்சியால் மூளை எவ்வளவு தூரம் ஈடுகட்டும் என்பதற்கு அது சான்று.

செயற்கைக் கண்ணை அடிக்கடி கழற்றினால் பீளை மிகுகிறது; ஸ்பிரிட்டால் துடைத்தால் அக்ரிலிக் வெடிப்புறுகிறது; ஆண்டுக்கொரு முறை மெருகேற்றுவது அவசியம். குழந்தைகளுக்கோ, முகம் வளரவளர செயற்கைக் கண்ணையும் பெரிதாக்கி மாற்ற வேண்டியிருப்பதால், செலவும் அலைச்சலும் பல ஆண்டுகள் தொடர்கின்றன. இவற்றைவிடக் கடினமானது கண்ணாடியில் முதன்முறை வெறுங்குழியைக் காணும் கணம். அதற்கு முன்பே, செயற்கைக் கண்ணுடன் வாழும் ஒருவரைச் சந்தித்துப் பேசும் வாய்ப்பை மருத்துவமனைகள் ஏற்படுத்தித்தர வேண்டும். உடன் நடப்பவர்கள் பார்வையற்ற பக்கமிருந்து திடீரென அழைக்காமலும், ஆசிரியர்கள் அத்தகைய மாணவரை வகுப்பு முழுவதும் நல்ல கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அமர்த்தியும் உதவலாம். எஞ்சிய கண்ணுக்கு மாற்று இல்லை என்பதால், பவர் தேவைப்படாதவரும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் மூக்குக்கண்ணாடியை வாழ்நாள் முழுவதும் அணிவது நல்லது.