காற்றில் வரும் மைக்ரோவாட்

காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. சுங்கச்சாவடியில் மேலே இருக்கும் ரீடர் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அனுப்பும் ரேடியோ அலைதான் அதற்கு மின்சாரம். அதிலிருந்து கிடைக்கும் சில மைக்ரோவாட்டில் சிப் உயிர்பெற்றுத் தன் எண்ணைச் சொல்லிவிடுகிறது.

இதைச் சாத்தியமாக்குவது ஸ்டிக்கருக்குள் வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய உலோகக் கோடு. அதுதான் ஆண்டெனா. இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 35 செ.மீ.; அரை அலை ஆண்டெனாவுக்கு 17 செ.மீ. வேண்டும். ஸ்டிக்கரில் அவ்வளவு இடமில்லாததால் கோட்டை மடித்து அடக்குகிறார்கள். சிப்பை ஒட்டி ஒரு சிறு வளையமும் உண்டு. சிப்பின் கெபாசிட்டன்ஸை வளையத்தின் இண்டக்டன்ஸ் ஈடுகட்டும். இந்தப் பொருத்தம் தவறினால், பிடித்த அலை சிப்புக்குள் போகாமல் திரும்பிவிடும். கண்ணாடியில் ஒட்டியதும் ஆண்டெனாவின் அதிர்வெண் இறங்கும். அதையும் முன்பே கணக்கிட்டுத்தான் வரைகிறார்கள்.

ரீடர் நமக்காகவே அலை அனுப்புகிறது. வேறு யாருக்கோ அனுப்பிய அலையிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா? முடியும் என்று 2009இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆலன்சன் சாம்பிள், ஜோஷுவா ஸ்மித் இருவரும் காட்டினார்கள். 4.1 கி.மீ. தொலைவிலிருந்த டி.வி. கோபுரத்தை நோக்கி ஆண்டெனாவைத் திருப்பி 60 மைக்ரோவாட் எடுத்தார்கள். பேட்டரியில் ஓடவேண்டிய வெப்பமானி ஒன்று அதிலேயே ஓடியது.

லண்டனில் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 270 சுரங்க ரயில் நிலையங்களின் வாசலில் காற்றில் வரும் ரேடியோ அலைகளை அளந்தார்கள். ஏறக்குறைய பாதி இடங்களில், அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் தங்கள் கருவிகள் வேலை செய்யும் என்று 2013இல் எழுதினார்கள்.

ஆனால் அந்த 60 மைக்ரோவாட்டில் ஒரு செல்போன் பேட்டரியை நிரப்ப 28 ஆண்டுகள் போல ஆகும். காற்றிலிருந்தே போன் சார்ஜ் ஆகும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்விழித்து, வெப்பத்தையோ ஈரத்தையோ அளந்து சொல்லிவிட்டுத் தூங்கும் சென்சாருக்கோ இது தாராளம். பாலத்தின் அடியிலும் சுவருக்குள்ளும் இருக்கும் சென்சாருக்கு பேட்டரி மாற்ற ஆள் போகவேண்டியதில்லை.

இப்படி மின்சாரம் எடுப்பதில் சிக்கல் டயோடில் இருக்கிறது. அலையை நேர்மின்சாரமாக்குவது அதுதான். மதகின் படிக்கு மேலே ஏறாத ஏரித்தண்ணீர் வயலுக்குப் பாயாது. அலையின் வோல்டேஜ் மிகத் தாழ்ந்தால் டயோடிலும் அதே கதைதான். குறைந்த வோல்டேஜிலேயே திறக்கும் ஷாட்கி டயோடைத் தேடுவது இதனால்தான். அதிலும், உள்ளே வரும் சக்தி மாறினால் டயோடின் இம்பீடன்ஸும், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பும், மாறும். ஆண்டெனாவைத் தனியே 50 ஓமுக்கு வரைந்துவிட்டு, பிறகு டயோடைக் கொண்டுவந்து ஒட்டினால் கணக்கு பிசகும். இரண்டையும் ஒரே உறுப்பாக நினைத்து, அந்த இடத்தில் உண்மையில் கிடைக்கும் அலையின் அளவை வைத்து வரையவேண்டும்.

நம் பொறியியல் கல்லூரிகளில் இந்தத் துறையில் புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் பலர் ஆண்டெனாவின் கெயினை, அதாவது ஒரு திசையிலிருந்து வரும் அலையை அது எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்பதை, காட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். மதிப்பெண் போடும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கெயினைப் பார்த்து நிறுத்தாதீர்கள், டயோடைத் தாண்டி சென்சாருக்குப் போய்ச்சேர்ந்தது எத்தனை மைக்ரோவாட் என்று கேளுங்கள்.