ஸ்ட்ராபெர்ரி கெடாமல் இருக்க

பறித்த பிறகு ஸ்ட்ராபெர்ரி பழுப்பதில்லை; வாங்கும்போதே முழுச் சிவப்பாக இருக்க வேண்டும். இந்த மெல்லிய பழத்தைப் பெரும்பாலும் கெடுப்பது ‘போட்ரைட்டிஸ்’ என்னும் சாம்பல் நிறப் பூஞ்சை. அதன் வித்துகள் தோட்டத்திலேயே, பூக்கும் பருவத்திலேயே தொற்றிக்கொள்ளும். ஈரம் கிடைத்தால் வளரும். வாங்கி வந்ததும் மொத்தத்தையும் கழுவி வைப்பது அதனால்தான் தவறு. உண்பதற்குச் சற்று முன் கழுவுவதே நல்லது.

முதலில் நசுங்கியவற்றையும் பூஞ்சை பிடித்தவற்றையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்; விட்டுவைத்தால் பக்கத்துப் பழமும் கெடும். மற்றவற்றைக் காம்பு கிள்ளாமல், டிஷ்யூ காகிதம் விரித்த டப்பாவில் ஒரே அடுக்காகப் பரப்பி, மூடியை இறுக்காமல் ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் தாங்கும்.

முன்கூட்டியே கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், 1 பங்கு வினிகருக்கு 3 பங்கு தண்ணீர் கலந்து, சில நிமிடம் போட்டு எடுத்து, குழாய் நீரில் அலசலாம். வினிகர் பூஞ்சை வித்துகளைக் குறைக்கும். ஆனால் அதைவிட முக்கியம், பிறகு சொட்டு ஈரமும் இல்லாமல் உலர்த்துவது. சோப்பு கூடவே கூடாது. பழம் அதை உறிஞ்சிக்கொள்ளும். காம்பை நீக்கிவிட்டுக் கழுவினால் தண்ணீர் உள்ளே புகுந்து சுவை சப்பென்று ஆகிவிடும்.

மிஞ்சிய பழங்களைக் கழுவி உலர்த்தி, காம்பு நீக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் உறையவிட்டுப் பையில் மாற்றலாம். உருகியதும் குழைந்துவிடும் என்பதால் அவை ஜூஸுக்கும் ஜாமுக்குமே ஏற்றவை.