ஆற்றங்கரை குடியிருப்பு மறுமேம்பாடு: ஒப்பந்தக் கால நீட்டிப்பில் கவனிக்க வேண்டியவை என்ன?

மும்பை, புணே போன்ற நகரங்களில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டங்கள் பல, குறித்த காலத்தில் முடிவதில்லை. அப்போது ஒப்பந்தக் காலத்தை நீட்டிக்குமாறு கட்டுமான நிறுவனம் கோருகிறது. இது வெறும் தேதி மாற்றமல்ல. வீட்டைக் காலி செய்துவிட்டு வாடகை வீட்டில் காத்திருக்கும் குடும்பங்களின் உரிமைகளைத் தீர்மானிக்கும் முடிவாகும்.

மூன்று காலக்கெடுக்கள்

இத்தகைய திட்டங்களில் மூன்று காலக்கெடுக்கள் உள்ளன. ஒன்றை நீட்டிப்பதால் மற்றவை தாமாக நீள்வதில்லை.

முதலாவது, வீட்டுவசதி கூட்டுறவு சங்கத்துக்கும் கட்டுமான நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். மகாராஷ்டிர அரசு 2019 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பணிகள் 2 ஆண்டுகளிலும், விதிவிலக்கான சூழலில் 3 ஆண்டுகளிலும் முடிக்கப்பட வேண்டும். திட்டச் செலவில் 20 சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதமும் அளிக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) கீழான பதிவு. போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்றவற்றால் பணி தடைபட்டால் பதிவு நீட்டிக்கப்படும். நிறுவனத்தின் தவறின்றி நேரும் பிற தாமதங்களுக்கு மொத்தம் ஓராண்டு வரை அவகாசம் அளிக்கலாம். கரோனா பொதுமுடக்கத்தின்போது, 2020 மார்ச் 25 முதல் காலாவதியாகும் பதிவுகளை 6 மாதங்கள் நீட்டிக்க மத்திய அரசு அறிவுறுத்தியது.

எனினும், பதிவு நீட்டிக்கப்பட்டாலும் விற்பனை ஒப்பந்தத்தில் உறுதியளித்த தேதி மாறாது என மும்பை உயர்நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. புதிதாக வீடு வாங்கியோர், அந்தத் தேதியிலிருந்தே தாமதத்துக்கு வட்டி கோரலாம். ஆனால், பழைய குடியிருப்பாளர்களுக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. சங்கம் கையொப்பமிட்ட ஒப்பந்தமே அவர்களுக்கு முதன்மையான அரண்.

மூன்றாவது, மாநகராட்சியின் கட்டுமான அனுமதி. மகாராஷ்டிரத்தில் இது ஓராண்டு செல்லும். ஆண்டுதோறும் நீட்டித்தாலும் மொத்தம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. அதற்குள் அடித்தள மட்டம் வரை பணி முடியாவிட்டால், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஆற்றங்கரையில் கூடுதல் சிக்கல்

இங்குதான் ஆற்றங்கரைத் திட்டங்களுக்குச் சிக்கல் எழுகிறது. மகாராஷ்டிரத்தில் ஆறுகளுக்கு இரு வெள்ளக் கோடுகள் வரையறுக்கப்படுகின்றன. 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தின் எல்லை நீலக் கோடு. 100 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடியதன் எல்லை சிவப்புக் கோடு. நீலக் கோட்டுக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை உள்ளது. இரு கோடுகளுக்கு இடையே நிபந்தனைகளுடன் மட்டுமே கட்ட இயலும்.

2024 ஜூலை 25-இல் கடக்வாஸ்லா அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் முட்டா ஆற்றில் வெள்ளம் பெருகி, புணேயின் ஏக்தா நகரி குடியிருப்புகளைச் சூழ்ந்தது. இத்தகைய நிகழ்வுகளுக்குப் பிறகு வெள்ளக் கோடுகள் மாற்றியமைக்கப்பட்டால், அனுமதி காலாவதியான திட்டம் முன்பு திட்டமிட்ட அளவில் கட்ட முடியாமல் போகலாம்.

நீட்டிக்க மறுத்தால்?

ஒப்பந்தத்தை ரத்து செய்வதும் எளிதான வழியல்ல. மும்பை கோரேகாவில் உள்ள பத்ரா சால் குடியிருப்பில் 672 குடும்பங்களுக்கான மறுமேம்பாட்டு ஒப்பந்தம் 2008-இல் கையொப்பமானது. பணி முடியாத நிலையில், மாநில வீட்டுவசதி வாரியமான மாடா அதை 2018-இல் ரத்து செய்தது. வாடகைத் தொகையும் நின்றுபோன நிலையில், அக்குடும்பங்கள் மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

எனவே, நீட்டிப்பு தவிர்க்க முடியாததாக இருந்தால், அதைப் பொதுக்குழுத் தீர்மானத்துடன், பதிவு செய்யப்பட்ட துணை ஒப்பந்தமாகவே சங்கங்கள் ஏற்பது பாதுகாப்பானது. வாடகை நிலுவையைத் தீர்த்தல், புதிய தேதி வரை வங்கி உத்தரவாதத்தைப் புதுப்பித்தல், அனுமதியின் தற்போதைய நிலையை எழுத்துபூர்வமாகப் பெறுதல் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். புதிய தேதியும் தவறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையையும் சங்கம் அதில் தெளிவாக உறுதிசெய்துகொள்ள வேண்டும்.