உண்மை ஊதியத்தை இரு நாடுகளுக்கிடையே ஒப்பிடுதல்: அமெரிக்க, பிரித்தானியக் குறைந்தபட்ச ஊதியங்களை முன்வைத்து

அமெரிக்காவின் கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 2009 ஜூலை 24 அன்று மணிக்கு 7.25 டாலராக உயர்த்தப்பட்டது. அதன்பின் அது உயர்த்தப்படவில்லை. பிரித்தானியாவில் 1999 ஏப்ரலில் 3.60 பவுண்டாகத் தொடங்கிய தேசியக் குறைந்தபட்ச ஊதியம், 2009 அக்டோபரில் 5.80 பவுண்டாகவும் 2024 ஏப்ரலில் 11.44 பவுண்டாகவும் ஆயிற்று. பிரித்தானியாவில் குறைந்த ஊதிய ஆணையம் ஆண்டுதோறும் வீதத்தைப் பரிந்துரைக்கிறது. அமெரிக்காவில் காங்கிரசு புதிதாகச் சட்டம் இயற்றினாலன்றி வீதம் மாறாது. இவை பண ஊதியங்கள். இவற்றைக் கொண்டு தொழிலாளி எவ்வளவு பொருள் வாங்க இயலும் என்பதே உண்மை ஊதியம். ஒரு நாட்டுக்குள் அதனைக் கணிக்க விலையேற்றத்தை நீக்கினால் போதும். இரு நாடுகள் எனில் நாணய வேறுபாட்டையும் நீக்க வேண்டும். இவ்விரு பணிகளையும் எந்தக் கருவியால், எந்த வரிசையில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

செலாவணி மாற்று வீதம் இதற்குப் பொருந்தாத கருவி. 2007 நவம்பரில் ஒரு பவுண்டு 2 டாலருக்கு மேல் விலைபோயிற்று, அன்றைய 5.52 பவுண்டு ஊதியம் 11 டாலரைத் தாண்டியது. 2009 தொடக்கத்தில் பவுண்டு 1.40 டாலர் அளவுக்கு வீழ்ந்தபோது, 5.73 பவுண்டாக உயர்ந்திருந்த ஊதியம் ஏறத்தாழ 8 டாலராகத் தோன்றியது. பதினான்கு மாதங்களில் ஊதியம் கால் பங்குக்கு மேல் குறைந்ததாக அட்டவணை காட்டும். ஆயினும் பிரித்தானியக் கடையில் அத்தொழிலாளி வாங்கிய உணவு அந்த அளவுக்குக் குறையவில்லை. மாறியது நிதிச் சந்தையில் பவுண்டின் விலை மட்டுமே.

எனவே ஒவ்வொரு நாட்டின் ஊதியத்தையும் முதலில் அந்நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணால் ஓர் அடிப்படை ஆண்டின் விலைக்குக் கொணர்ந்து, பின்னர் அந்த ஓர் ஆண்டின் வாங்குதிறன் சமநிலை வீதத்தால் பொது நாணயத்துக்கு மாற்றுவது முறை. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பின் உண்மைக் குறைந்தபட்ச ஊதியத் தொடரும் இவ்வழியையே பின்பற்றுகிறது. மொத்த உள்நாட்டு உற்பத்திக்கான வாங்குதிறன் வீதத்தை விடுத்து, தனியார் நுகர்வுக்கானதை அது பயன்படுத்துகிறது. தொழிலாளி வாங்குவது நுகர்பொருள்களையே. ஆதலால் இத்தேர்வு சரியானது. ஒவ்வோர் ஆண்டின் பண ஊதியத்தையும் அவ்வவ்வாண்டின் வாங்குதிறன் வீதத்தால் மாற்றினால், அந்தந்த ஆண்டின் நிலை ஒப்பீடு கிடைக்கும். காலப்போக்கில் நிகழ்ந்த வளர்ச்சி கிடைக்காது. இவ்விரண்டையும் ஒரே அட்டவணையில் கலப்பது எளிதில் நேரும் பிழை.

குறியீட்டெண்ணின் தேர்வே இதில் மிகுந்த கவனத்தை வேண்டுவது. 2009 முதல் 2024 வரை அமெரிக்க விலைகள் ஏறத்தாழ 46 விழுக்காடு உயர்ந்தமையால், மாறாதிருந்த 7.25 டாலர் தன் வாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றேறக்குறைய இழந்தது. பிரித்தானியாவில் அதே காலத்தில் பண ஊதியம் 97 விழுக்காடு உயர்ந்தது. நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணால் விலையேற்றத்தை நீக்கினால் உண்மை ஊதிய உயர்வு கால் பங்குக்கும் மேல். பழைய சில்லறை விலைக் குறியீட்டெண்ணால் நீக்கினால் அது பத்தில் ஒரு பங்களவே. பின்னது கணக்கிடும் சூத்திரத்தின் குறையால் 2013இல் ‘தேசியப் புள்ளிவிவரம்’ என்னும் தகுதியை இழந்தது. ஆதலின் முன்னதை ஏற்பதே தகும். எனினும் முன்னதும் குறையற்றதன்று. சொந்த வீட்டில் வாழ்வோரின் குடியிருப்புச் செலவு அமெரிக்கக் குறியீட்டெண்ணில் கணிப்பு வாடகையாக இடம்பெறுகிறது. பிரித்தானியக் குறியீட்டெண்ணில் அது இல்லை. பெயர் ஒன்றாயினும் அளக்கப்படும் பொருள் ஒன்றன்று. எக்குறியீட்டெண்ணைக் கொண்டாலும் இரு நாடுகளும் எதிரெதிர்த் திசைகளில் சென்றன என்பது மாறவில்லை; எவ்வளவு தொலைவு என்பதே மாறுகிறது.

யாருடைய ஊதியம் ஒப்பிடப்படுகிறது என்பது அடுத்த வினா. அமெரிக்க மாநிலங்களுள் முப்பது கூட்டாட்சி வீதத்தினும் உயர்ந்த வீதத்தை விதித்துள்ளன; 2025இல் வாசிங்டன் மாநிலத்தில் அது 16.66 டாலர். அன்பளிப்புப் பெறும் உணவக ஊழியர்க்கோ முதலாளி நேரடியாகத் தரவேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சத் தொகை 1991 முதல் 2.13 டாலராகவே உள்ளது. பிரித்தானியாவில் 2009 அக்டோபர் முதல் அன்பளிப்பைக் குறைந்தபட்ச ஊதியத்தில் சேர்த்துக் கணக்கிட இயலாது. அங்கு உயர் வீதத்திற்குரிய வயதும் மாறிக்கொண்டே வந்தது: 2009இல் 22, 2010இல் 21, 2016இல் 25, 2021இல் 23, 2024இல் மீண்டும் 21. 2009 அக்டோபரில் 21 வயதினர் பெற்றது 4.83 பவுண்டு மட்டுமே. அவ்வயதினரின் பண ஊதியம் 2024க்குள் இரு மடங்கைத் தாண்டியது. ‘வயதுவந்தோர் வீதம்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் இவை மறைந்துவிடுகின்றன.

தொடக்க ஆண்டை 1968க்குக் கொண்டுசென்றால் அமெரிக்கச் சரிவு இன்னும் ஆழமாகும். அவ்வாண்டின் 1.60 டாலர், 2024 விலையில் 14 டாலருக்கு மேல். இன்றைய வீதம் அதன் பாதியே. ஆனால் அவ்வாண்டில் பிரித்தானியாவுக்குத் தேசிய வீதம் இல்லை. தொழில்வாரியாக ஊதிய மன்றங்கள் வெவ்வேறு வீதங்களை விதித்தன. அவை 1993இல் கலைக்கப்பட்டு, வேளாண்மை நீங்கலாக, 1999 வரை சட்டவழிக் குறைந்தபட்சம் இல்லாதிருந்தது. அவ்வாண்டுகளில் ஊதியத்தைப் பூச்சியம் எனக் குறிப்பதும், முன்பின் புள்ளிகளை ஒரு கோட்டால் இணைப்பதும் தவறு. வரைபடத்தில் அவ்விடம் வெற்றிடமாகவே விடப்படுதல் வேண்டும்.