நோன்பும் முதுமைக் கண்களும்

ஏகாதசி, ரம்ஜான், தவக்காலம் என நோன்பு இந்திய மக்களுக்குப் புதிதன்று. வயிற்றைக் காயப்போட்டால் உடல் தூய்மையாகும் என்ற நம்பிக்கையும் பழையதே. அண்மைக் காலத்தில் இந்நம்பிக்கைக்கு உயிரியல் ஆதாரம் கிடைத்துவிட்டதாகவும், நோன்பு முதுமையில் பார்வையைக் காக்கும் எனவும் பேசப்படுகிறது. இதில் நிலைநாட்டப்பட்டது எவ்வளவு, எதிர்பார்ப்பு எவ்வளவு என்பதைச் சுகாதாரப் பணியில் ஈடுபட்டோர் பிரித்தறிதல் வேண்டும்.

உயிரணு தன்னுள் பழுதுபட்ட புரதங்களையும் தேய்ந்த பகுதிகளையும் ஒரு பையில் அடைத்து, 'லைசோசோம்' என்னும் செரிமான அறைக்கு அனுப்பிச் சிதைக்கிறது. கிடைக்கும் மூலப்பொருள்களை மீண்டும் பயன்படுத்திக் கொள்கிறது. பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவே 1963-இல் இதற்கு 'ஆட்டோஃபேஜி', அதாவது தன்னைத்தானே உண்ணுதல், எனப் பெயரிட்டார். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஒசுமி ஈஸ்ட் உயிரணுக்களைப் பட்டினி போட்டு, சில மணி நேரத்திற்குள் இப்பைகள் திரள்வதை நுண்ணோக்கியில் கண்டார். இச்செயலை இயக்கும் மரபணுக்களையும் கண்டறிந்த அவருக்கு 2016-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மூலப்பொருள் வரத்து நின்றபோது, கிடங்கில் கிடக்கும் உடைசலை உருக்கி ஆலையை ஓட்டுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

கண்ணில் இத்துப்புரவின் தேவை மிகுதி. விழித்திரையின் ஒளியுணர் உயிரணுக்கள் தம் வெளிநுனியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை நாள்தோறும் உதிர்க்கின்றன. அவற்றை விழுங்கிச் செரிப்பது அவற்றின் பின்னுள்ள நிறமிப் படலம். இப்படலத்தின் உயிரணுக்கள் பொதுவாகப் புதிதாகப் பெருகுவதில்லை. ஒரே உயிரணு அறுபது, எழுபது ஆண்டுகள் இப்பணியைச் செய்தாக வேண்டும். வயது ஏற ஏற அதன் ஆற்றல் குறைகிறது. செரிக்காத எச்சம் உள்ளே தேங்குகிறது; படலத்தின் அடியில் கொழுப்பும் புரதமும் கலந்த படிவுகள் சேர்கின்றன. விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா சிதைவதற்கு இவை முன்னடையாளம். அச்சிதைவு முற்றினால் எழுத்தைப் படிப்பதும் எதிரே நிற்பவரின் முகத்தை அறிவதும் அரிதாகும். துப்புரவுக்குரிய மரபணுவை எலிகளின் நிறமிப் படலத்தில் நீக்கியபோது படலம் சிதைந்ததும் ஆய்வில் காணப்பட்டுள்ளது.

எனினும், நோன்பிருந்த மனிதருக்கு மாக்குலாச் சிதைவோ கண்புரையோ குறைந்தது என இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. எலியின் பட்டினியை மனிதரின் பட்டினியோடு நேராக ஒப்பிடவும் இயலாது. ஓர் இரவுப் பட்டினியிலேயே எலி தன் எடையில் பத்தில் ஒரு பங்கை இழக்கக்கூடும். புகைபிடித்தலை விடுவது மாக்குலாவுக்கு நன்மை பயக்கும் என்பதற்கோ உறுதியான சான்று உண்டு.

செலவில்லாத மருந்து எவருக்கும் இனிப்பதே. ஆனால் 2015 முதல் 2019 வரை நடைபெற்ற தேசியக் கணக்கெடுப்பின்படி, ஐம்பது வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்திற்குக் கண்புரையே காரணம். அறுவைச் சிகிச்சையால் பெரும்பாலும் மீட்கக்கூடிய பார்வை இது. 1976-இல் தொடங்கிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் முதன்மைப் பணியும் இதுவே. நோன்பை நம்பி ஒரு மூதாட்டி அறுவையை ஓராண்டு தள்ளிப்போட்டால், அவ்வோராண்டு இருளுக்கு ஈடில்லை. ஒரு வேளை உணவே கிடைக்கும் முதியோரிடம் நோன்பின் சிறப்பை எடுத்துரைப்பதும் பொருந்தாது. அவர்களுக்குத் தேவை புரதமும் கீரையும்.

நோன்பிருக்க விரும்பும் முதியோர் முன்னதாக மருத்துவரைக் கலந்துகொள்வது நலம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிக்குப் பட்டினியால் இரத்தச் சர்க்கரை அபாய அளவுக்குத் தாழலாம். அவர் ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதித்துக்கொள்வதும் அவசியம். கண் அழுத்த நோயுள்ளவர் நோன்பு முடித்ததும் ஒரே மூச்சில் மிகுதியாக நீர் அருந்தினால் கண் அழுத்தம் உயரும். சிறிது சிறிதாக அருந்துதல் வேண்டும். நோன்பு நாள்களிலும் சொட்டு மருந்தை இடைநிறுத்தலாகாது.