வலி போச்சு, கால் தேறிச்சா?

விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சென்னை பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் ஒரு நாள் போய்ப் பாருங்கள். முன்பெல்லாம் சர்க்கரைக்காக நடக்கிற பெரியவர்கள்தான் கண்ணில் படுவார்கள். இப்போது ஓடுகிற பெண்களும் நிறைய. பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் ஓடியதோடு சரி. கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் ஆன பிறகு மறுபடி ஓட ஆரம்பித்தவர்கள் பலர். ஜனவரி என்றால் சென்னை மாரத்தான். கோயம்புத்தூரிலும் 2013-லிருந்து ஒரு மாரத்தான் நடக்கிறது. 42 கிலோமீட்டரும் ஓடியாக வேண்டும் என்பதில்லை. 10, 21 என்று அவரவர் சக்திக்கு ஏற்ற தூரங்களும் உண்டு.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். வயது 47. பத்து கிலோமீட்டருக்கு மேல் ஆசைப்படுவதில்லை. எங்கள் கூட்டத்தில் 'எந்த ஷூ நல்லது?' என்ற கேள்வியைவிட அதிகமாகக் காதில் விழுவது எது தெரியுமா? 'இப்போ உனக்கு எந்தக் கால் வலிக்குது?' என்பதுதான்!

சிரிக்காதீர்கள். வலி வருகிறது, இரண்டு வாரம் ஓய்வு. தைலம், வெந்நீர் ஒத்தடம். வலி போகிறது. உடனே ஓட்டம். மூன்றாவது வாரம் அதே இடத்தில் அதே வலி. ஏன் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், ஓடாத சகோதரிகளுக்கும் உபயோகப்படும். குதிகால் வலி ஓடுகிறவர்களுக்கு மட்டுமா வருகிறது?

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் நம் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமை காலில் இறங்குகிறது. 10 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் சாதாரணமாகப் பத்தாயிரம் அடிக்கு மேல் ஆகிவிடும். இந்தச் சுமைக்கு உடம்பு பழகும். ஆனால் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை.

இருதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். முதல் நாள் தெருமுனை வரை ஓடி மூச்சு வாங்கியவள், இரண்டாவது மாதம் பேசிக்கொண்டே ஓடுவாள். 'அட, நம்மால் முடிகிறதே!' என்று தூரத்தைக் கூட்டுவாள். எலும்பும் தசைநாணும் அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை. பழைய வீட்டைப் புதுப்பிக்கிறபோது கொத்தனார் முதலில் உடைப்பார், பிறகுதான் கட்டுவார் அல்லவா? எலும்பும் அப்படித்தான். சுமை கூடினால் பழைய எலும்பை முதலில் சில வாரங்கள் கரைக்கும். அந்த இடத்தில் புதிதாகக் கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். உடைத்துப் போட்டு இன்னும் பூசாத சுவரில் போய்ப் பாரத்தைச் சாய்த்தால் என்ன ஆகும்? வலி நின்றுபோவது ஒன்று, கால் தேறுவது வேறொன்று என்பது இதனால்தான். ஒரு தடவை காலில் அடிபட்டவர்களுக்கே மறுபடி வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றன.

என் ஓரகத்திக்கு வந்தது

என் ஓரகத்திக்கு வயது 34. இரண்டு குழந்தைகள். இரண்டாவது பிள்ளைக்கு மூன்று வயதானபோது ஓட ஆரம்பித்தாள். ஆறே மாதத்தில் என்னை முந்திவிட்டாள். ஜனவரியில் 21 கிலோமீட்டர் ஓடுவதற்குப் பெயர் கொடுத்தாள். ஜூன் மாதம் வலது கணைக்கால் எலும்பின் உள்பக்கம் வலித்தது. ஓய்வு எடுத்தாள், போயிற்று. ஆகஸ்டில் மறுபடி. அக்டோபரில் மூன்றாவது தடவை.

மூன்றாவது தடவை வலி வந்ததை வீட்டில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை நான் பார்த்துவிட்டேன்.

"ஏன்டி சொல்லலை?" என்றேன்.

"சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதாக்கா? 'அப்பவே சொன்னேன், பொம்பளைக்கு எதுக்கு ஓட்டம், விட்டுத் தொலை'ன்னு அத்தை ஆரம்பிப்பாங்க. இவரும் அதுக்குத் தலையாட்டுவார். நாள் முழுக்க எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு மணி நேரம்தான். அதுவும் போயிடும்."

அவள் பயம் எனக்குப் புரிந்தது. ஆண்பிள்ளைக்குக் கால் வலித்தால் 'டாக்டரைப் பார்' என்கிறார்கள். நமக்கு வலித்தால் 'ஓடாதே' என்கிறார்கள். அதனால்தான் எத்தனையோ பெண்கள் வலியை மறைத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

மறுநாள் விளையாட்டு மருத்துவம் படித்த ஒரு டாக்டரம்மாவிடம் இருவரும் போனோம். அவர் கணைக்காலை மேலிருந்து கீழாக அமுக்கிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் பட்டதும் இவள் துள்ளி எழுந்தாள். உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்பின் ஓரத்தில் ஏற்படும் நோவு. விரல் நுனி அளவு இடத்தில் சுருக்கென்று வலித்தால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம் என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இந்த விரிசல் முதல் சில வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டாம். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு டாக்டரம்மா கேட்ட கேள்விகள்தான் முக்கியம்.

"மாதவிலக்கு ஒழுங்கா வருதா?"

"நாலு மாசமா இல்லை. கர்ப்பமும் இல்லை, பார்த்துட்டேன். ஓடறதால இருக்கும்னு விட்டுட்டேன்."

"காலையில ஓடிட்டு வந்து எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?"

"அரை டம்ளர் காபி குடிச்சுட்டுப் போவேன். வந்து பிள்ளைங்களுக்கு டிபன் கட்டி, ஸ்கூலுக்கு அனுப்பி, எல்லாரும் கிளம்பினப்புறம் சாப்பிடப் பத்தரை ஆகும். ராத்திரி சாதம் நிறுத்திட்டேன். இளைச்சுட்டேன்னு எல்லாரும் சொல்றாங்களே!"

"உடம்பு உங்ககிட்ட நாலு மாசமா சொல்லிப் பார்த்திருக்கு. நீங்க கேக்கலை" என்றார் டாக்டரம்மா.

செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லையென்றால் உடம்பு சிக்கனம் பிடிக்கும். மாதவிலக்கு நின்றுபோகும். பெண்களுக்குரிய ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும். எலும்பைக் காப்பதே அதுதான். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014-ல் இதைத் தனி உடல்நலக் கோளாறாக எடுத்துச் சொல்லி எச்சரித்தது. பெரிய வீராங்கனைகளுக்கு மட்டும் வருவதல்ல இது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடுகிற நமக்கும் வரும்.

ஜனவரி ஓட்டம் வேண்டாம் என்றதும் இவள் கண் கலங்கியது. "1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் ஜோன் பெனாய்ட் ஜெயிச்சாங்களே, முழங்கால் ஆபரேஷன் ஆன 17-ஆம் நாள் தகுதிப் போட்டியில ஓடலையா?" என்று கேட்டாள். பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தான் அது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "அவங்களுக்கு முழங்கால்ல இருந்த தொந்தரவை எடுத்தாச்சு. உங்களுக்கு எலும்பே இன்னும் கூடலையே!" என்றார்.

ஓய்வு மட்டும் போதாது

ஓய்வு வலியை அடக்கும், காலைப் பலப்படுத்தாது. அதற்குப் பயிற்சி வேண்டும். காசு செலவில்லாத இரண்டைச் சொல்கிறேன்.

குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் கயிறு மாதிரி இருப்பதை நாம் நரம்பு என்கிறோம். அது நரம்பல்ல, தசைநாண். அதில் வரும் தீராத வலிக்கு ஹோகன் ஆல்பிரெட்சன் என்ற சுவீடன் நாட்டு டாக்டர் 1998-ல் ஒரு முறையை வெளியிட்டார். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல காலால் எழும்பி, வலிக்கிற காலுக்கு எடையை மாற்றிக் குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குங்கள். முழங்காலை நேராக வைத்து 15 தடவை வீதம் மூன்று சுற்று. லேசாக மடக்கி மூன்று சுற்று. காலை, மாலை இரு வேளையும், 12 வாரம். பொழுதுபோக்காக ஓடுகிற 15 பேர் இதைச் செய்து, பழையபடி ஓட ஆரம்பித்தார்கள். லேசான வலி இருந்தாலும் செய்யலாம். தாங்க முடியாவிட்டால் நிறுத்த வேண்டும்.

அடுத்தது, குதிவாதம் என்று நாம் சொல்கிற உள்ளங்குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் முள் குத்துவது போலிருக்குமே, அதுதான். எனக்கும் இரண்டு தடவை வந்திருக்கிறது. ஒரு துண்டைச் சுருட்டிப் படி மேல் வைத்து, கால் விரல்கள் அதன் மேல் மடங்கி நிற்கும்படி ஒற்றைக் காலில் நின்று, மெதுவாக எழும்பி, இரண்டு விநாடி நிறுத்தி, மெதுவாக இறங்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். 2014-ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், மூன்று மாதம் இதைச் செய்தவர்கள் வெறுமனே பாதத்தை இழுத்து நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். இந்த வலி உள்ளவர்கள் மொசைக், கிரானைட் தரையில் வெறுங்காலோடு நின்று சமைக்க வேண்டாம். வீட்டுக்கென்று மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

எலும்பில் விரிசல் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் இந்தப் பயிற்சி எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். ஒரே புள்ளியில் வலி, இரவில் படுத்திருக்கும்போதும் வலி, ஓட ஓட அதிகமாகும் வலி, நொண்ட வைக்கும் வலி — இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

கவனத்தில் வைக்க

ஒரே வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டாதீர்கள். ஓட ஆரம்பித்த புதிதில் ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓய்வு. தார்ச் சாலையில் பழகிய கால் திடீரென்று கடற்கரை மணலில் ஓடினால் ஆடுசதையும் தசைநாணும் திணறும். ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே மெத்தை அமுங்கிப் போயிருக்கும்.

ஓடப் போகுமுன் ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள். வந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களும் இரண்டு இட்லி சாப்பிடுங்கள். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு 1,200. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. பால், தயிர், எள், நெத்திலி எல்லாமே நல்லவை. வைட்டமின் டி குறைவு நம் வெயில் ஊரிலேயே சாதாரணமாக இருப்பதால், வலி திரும்பத் திரும்ப வந்தால் ரத்தப் பரிசோதனையில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு

பிரசவமான உடனே எடையைக் குறைக்கும் ஆசையில் ஓடக் கிளம்பிவிடாதீர்கள். சுகப்பிரசவமோ சிசேரியனோ, குறைந்தது மூன்று மாதம் போகட்டும் என்று பிரிட்டனில் இயன்முறை மருத்துவர்கள் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. மூன்று மாதம் ஆனதும் ஓடலாம் என்றும் அர்த்தமல்ல. அரை மணி நேரம் வேகமாக நடக்க முடிகிறதா, ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க முடிகிறதா, பத்துத் தடவை நொண்டியடிக்க முடிகிறதா என்று பாருங்கள். அப்போது சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிறு கீழே இறங்குவது போலக் கனமாக இருந்தாலோ உடம்பு இன்னும் தயாராகவில்லை. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

என் ஓரகத்தி அந்த ஜனவரியில் ஓடவில்லை. எலும்பு கூடும் வரை ஓட்டத்தைத் தொடவே இல்லை. பிறகு நடை. அரை மணி நேரம் வலியில்லாமல் நடக்க முடிந்த பிறகுதான் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று மார்ச்சில் தொடங்கினாள். ராத்திரிச் சாதம் திரும்பி வந்தது; மே மாதம் மாதவிலக்கும் வந்தது. அடுத்த ஜனவரியில் என்னோடு 10 கிலோமீட்டர் ஓடினாள். 21 கிலோமீட்டர் ஆசை அவளுக்கு இன்னும் இருக்கிறது. அவசரம்தான் இல்லை.

நடுவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் நான் மாமியாரிடம் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "ஓட்டம் கெடுக்கலை, பட்டினிதான் கெடுத்திருக்கு" என்றார். மறுநாள் முதல் பிள்ளைகளின் டிபன் டப்பாவை என் கொழுந்தனார் கட்டுகிறார். உப்பு கூடக் குறைய இருக்கிறதாம். பிள்ளைகள் சாப்பிடத்தான் செய்கிறார்கள்.

வீட்டில் மனைவியோ, மருமகளோ, மகளோ காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், 'விட்டுத் தொலை' என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'எங்கே வலிக்குது, காட்டு. சாப்பிட்டியா?' என்று கேளுங்கள்.